கசோவரிக் கூண்டுக்குப் பக்கத்தில் என் அண்ணன்

1

எங்கள் ஊர் மிருகக்காட்சி சாலையில் சிங்கம் கிடையாது. புலி, ஒட்டகச்சிவிங்கி, யானை எதுவும் கிடையாது. ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் இதை முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் கூட்டிக்கொண்டு போவேன். சொல்லாமல் போனால், "இத்தனை தூரம் வரவழைச்சு ஒரு பெரிய கோழியக் காட்டறியா?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள்.

'எங்கள் ஊர்' என்று நான் இப்போது சொல்வது, ஆஸ்திரேலியாவின் வடகிழக்குக் கரையில் கரும்பும் மழையுமாகக் கிடக்கும் ஒரு சின்ன ஊர். இங்குள்ள மிருகக்காட்சி சாலையில் இந்த மண்ணின் வெப்பமண்டலக் காட்டில் பிறந்த உயிர்களுக்கு மட்டும்தான் இடம். மரமேறும் கங்காரு, உப்புநீர் முதலை, பழந்தின்னி வௌவால், பச்சைத் தவளை. எல்லாவற்றுக்கும் மேலே கசோவரி. ஆள் உயரப் பறவை, நீலக் கழுத்து, தலையில் கொம்பால் செய்த தொப்பி. பறக்கத் தெரியாது, கோபம் வந்தால் உதைக்கத் தெரியும். எனக்கு முதல் நாளே பிடித்துப்போய்விட்டது.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெயர் செல்வி. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் காட்டோரம் இருக்கிற நாட்றாம்பாளையத்துக்காரி. பள்ளி முடித்ததும் ஓசூரில் வண்டிகளுக்கு வயர் கட்டும் கம்பெனியில் சேர்ந்து, லேடீஸ் ஹாஸ்டலில் தங்கி, கூட இருந்தவர்களிடம் கன்னடமும் தெலுங்கும் சண்டை போடுகிற அளவுக்குக் கற்றுக்கொண்டேன். என் வீட்டுக்காரர் விருதுநகர்ப் பக்கம். அவரும் ஓசூருக்குப் பிழைக்க வந்தவர்தான், லேத் ஓட்டியவர். இப்போது இங்கே சர்க்கரை ஆலையின் பட்டறையில் இருக்கிறார். நான் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். ஒரே மகள் கீர்த்தனா. அவளால்தான் இந்தக் குறிப்புகளை எழுத வேண்டி வந்தது.

2

கீர்த்தனா இங்கே பிறந்தவள். தமிழ் பேசுவாள், ஆனால் செய்தி வாசிக்கிற மாதிரி பேசுவாள். "அம்மா, எனக்குப் பசி இல்லை, பிறகு சாப்பிடுகிறேன்" என்பாள். கேட்டால் யாரோ வாடகைக்கு வந்த பெண் பேசுவது போல இருக்கும். நான் கோபத்தில் ஊர்ப் பேச்சுக்குத் தாவினால் பாதி அவளுக்கு எட்டாது. அது அவளுக்கு நல்லதென்றே பல நாள் நினைத்திருக்கிறேன்.

என் அண்ணன் மாதேஷை அவள் நேரில் பார்த்தது நடை பழகிய வயதில். அதற்குப் பிறகு எல்லாம் போன் வழியாகத்தான். அண்ணனுக்கு வீடியோ காலில் போனை எப்படிப் பிடிப்பது என்று இன்றுவரை வரவில்லை. நெற்றியில் பாதியும் வீட்டு ஓடும்தான் தெரியும். "மாமாவுக்கு முகம் உண்டா அம்மா?" என்று கீர்த்தனா ஒருமுறை கேட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்போது சிரிப்பாகத்தான் இருந்தது.

அண்ணனின் நிலம் காட்டை ஒட்டி இருக்கிறது. ராகி போடுவார். கார்த்திகை பிறந்தால் கர்நாடகக் காட்டிலிருந்து யானைக் கூட்டம் இந்தப் பக்கம் இறங்கும். ஓசூர் சோதனைச் சாவடியில் லாரிகள் வரிசை கட்டி நிற்கிற மாதிரி அவை எங்கும் நிற்பதில்லை. ராகி முற்றுகிற வாசனை வந்தால் நேரே வயலுக்குத்தான். அறுப்பு முடிகிறவரை அண்ணன் வயலில் கட்டிய காவல் பரண் மேல்தான் படுப்பார். அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் யானை என்ற பேச்சே எடுக்க மாட்டோம். 'சாமி' என்போம். "சாமி வந்துடுச்சு" என்று அண்ணன் கத்தினால் தட்டு, தகரம், பட்டாசு எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு ஓடுவோம். விரட்டும்போதும் "போ சாமி, போயிடு சாமி" என்று கெஞ்சித்தான் விரட்டுவோம்.

ஒரு வருடம் முக்கால் வயல் போய்விட்டது. ஈடு கேட்டு அண்ணன் கிருஷ்ணகிரிக்கு பஸ் ஏறினார். அங்கே ஓர் அலுவலகத்தில், "யானைதான் தின்னுச்சுன்னு என்ன ஆதாரம்? மாடு தின்னிருக்கலாம் இல்ல?" என்று கேட்டு அனுப்பினார்கள். அடுத்த வாரம் அண்ணன் மறுபடி பஸ் ஏறினார், கையில் ஒரு சிமெண்டுப் பையோடு. நேரே உள்ளே போய், பையை மேசை மேல் கவிழ்த்து, உருண்டு விழுந்த யானை லத்தியைக் காட்டி, "இது மாடு போட்டதுங்களா சார்?" என்று கேட்டார். வெளியே தள்ளிவிட்டார்கள். அந்தக் கதையை இங்கே விருந்துகளில் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். சிரித்து முடித்த பிறகு, அடுத்து வந்த மாதங்களில் அண்ணன் வீட்டில் எதைச் சாப்பிட்டார்கள் என்று யாரும் கேட்டதில்லை.

3

இந்த வருடம் மிருகக்காட்சி சாலையில் பள்ளிப் பிள்ளைகளை வைத்து ஒரு கண்காட்சி நடத்தினார்கள். உலகத்தின் வெப்பமண்டலக் காடுகள் எப்படி அழிகின்றன என்று ஒவ்வொரு பிள்ளையும் ஓர் இடத்தை எடுத்து, பெரிய தட்டி தயார் செய்ய வேண்டும். என் மகள் தானாகவே கிருஷ்ணகிரி மாவட்டத்தை எடுத்துக்கொண்டாள். எனக்குத் தலை கால் புரியவில்லை. வேலையிடத்தில் எல்லோரிடமும் சொன்னேன். அண்ணனுக்குப் போன் போட்டு, "உன் மருமக நம்ம ஊரப் பத்தி வெள்ளக்காரனுக்கே பாடம் எடுக்கப் போறா" என்றேன். தட்டியைக் காட்டு என்று கீர்த்தனாவைக் கேட்டால், "அன்றைக்குப் பாருங்கள்" என்று மறைத்துக்கொண்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன். வீட்டுக்காரர்கூட, "முதலைக்கு நலுங்கு வைக்கவா போற?" என்றார். தட்டிகளைக் கசோவரிக் கூண்டை ஒட்டிய நீளச் சுவரில் மாட்டியிருந்தார்கள். பிரேசில், காங்கோ, போர்னியோ எல்லாம் தாண்டி கடைசியில் எங்கள் மாவட்டம். நல்ல கூட்டம். எட்டிப் பார்த்தேன்.

தட்டியின் நடுவில் ஒரு பெரிய புகைப்படம். ராகி வயலில் ஒரு கொம்பன் யானை சாய்ந்து கிடக்கிறது. நெற்றியெல்லாம் மஞ்சளும் குங்குமமும். தும்பிக்கை மேல் சாமந்தி மாலை. சுற்றிலும் ஜனம். முன்னால் ஒருவர், தலையில் துண்டு, இரண்டு கையிலும் வெள்ளைத் துணியை விரித்துத் தூக்கிப் பிடித்திருக்கிறார். வாய் அகலத் திறந்திருக்கிறது. கீழே ஆங்கிலத்தில் எழுதியிருந்ததைத் தமிழில் சொல்கிறேன்: 'தாங்கள் கொன்ற யானையை அலங்கரித்துக் கொண்டாடும் கிராமத்தார்.'

அந்த வாய் என் அண்ணனுடைய வாய்.

எனக்குப் பின்னால் நின்ற ஒரு பெண் தன் புருஷனிடம், "காட்டுமிராண்டிகள். சிரிப்பதைப் பார்" என்றாள்.

4

நடந்தது இதுதான். சில வருடம் முன்பு, அண்ணன் வயலுக்கு அடுத்த நிலத்தில் மின்கம்பி வைத்திருந்தார்கள். அதில் மாட்டி அந்தக் கொம்பன் செத்தது. விடிந்ததும் ஊரே கூடிற்று. பெண்கள் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். யாரோ தேங்காய் உடைத்தார்கள், யாரோ கற்பூரம் ஏற்றினார்கள். பங்காளி செத்தால் போர்த்துகிற கோடித் துணியை அண்ணன் கடையைத் தட்டித் திறக்க வைத்து வாங்கி வந்து யானை மேல் போர்த்தினார். அந்த நேரத்தில் யாரோ எடுத்த படம் இது. அப்போதே என் போனுக்கும் வந்தது. அண்ணி போனில், "சொந்த அப்பன் செத்தப்பக்கூட இந்த மனுசன் இப்பிடி அழுவல" என்றார். குழந்தைக்கு எதற்குச் செத்த யானையைக் காட்ட வேண்டும் என்று நான் கீர்த்தனாவிடம் காட்டவில்லை. அவளோ இணையத்தில் எவனோ ஒருவன் போட்டிருந்த படத்தையும் அவன் எழுதியிருந்த வரியையும் அப்படியே எடுத்து ஒட்டிவிட்டாள்.

ஒருவன் அழுவதற்கும் சிரிப்பதற்கும் வித்தியாசம் தெரியாதவன், காட்டைக் காப்பாற்ற என்று பக்கம் நடத்துகிறான். கோடித் துணியை வெற்றிக் கொடி என்று நினைத்திருக்கிறான். அங்கே பொறுப்பாக நின்றிருந்த ஷெல்லி என்ற பெண்ணிடம் போனேன். கோபம் வந்தால் எனக்கு ஆங்கிலம் ஓடிவிடும், ஹாஸ்டலில் கற்ற கன்னடம்தான் முன்னால் வரும். "ஏன்ரீ இது!" என்று, 'என்னங்க இது' என்பதைக் கன்னடத்தில் அவளைப் பார்த்துக் கத்திவிட்டேன். அவள் ஓர் அடி பின்வாங்கினாள். வீட்டுக்காரர் வந்து என் கையைப் பிடித்தார். பிறகு ஆங்கிலம் திரும்பி வந்தது. இது என் அண்ணன், இவர் அழுகிறார், இது எங்கள் ஊரில் சாவுக்குச் செய்கிற மரியாதை, தட்டியை இப்போதே இறக்குங்கள் என்றேன்.

ஷெல்லி தலையைச் சாய்த்து, "உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது" என்றாள்.

முதியோர் இல்லத்தில் எங்களுக்கும் இதே வாக்கியத்தைப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். டீ ஆறிவிட்டது என்று யாராவது கத்தினால் இதைத்தான் சொல்ல வேண்டும். அதனால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நான் எதுவும் செய்யப் போவதில்லை என்று அர்த்தம்.

அப்படியேதான் ஆனது. தட்டிகளை ஒரு குழு பார்த்து ஒப்புதல் கொடுத்திருக்கிறதாம். இறக்குவதென்றாலும் மாற்றுவதென்றாலும் குழுதான் சொல்ல வேண்டுமாம். குழு ஞாயிற்றுக்கிழமை கூடாதாம். இணையத்தில் முறையிட வேண்டுமாம். முறையிட்டால், முதலில் தட்டி செய்த மாணவியின் கருத்தைக் கேட்பார்களாம். ஓசூரில் ஆதார் அட்டையில் ஓர் எழுத்தைத் திருத்த அலைந்த நாளெல்லாம் ஞாபகம் வந்தது. அங்கே நம்மை நிற்க வைத்து அலைக்கழிப்பார்கள், இங்கே நாற்காலி போட்டு உட்கார வைத்து அலைக்கழிக்கிறார்கள்.

தண்ணீர் குடிக்கிற சாக்கில் கசோவரிக் கூண்டின் முன் போய் நின்றேன். அங்கே ஒரு பலகை: 'இப்பறவையின் வாழிடம் பெருமளவு குறைந்துவிட்டது.' குறைந்துவிட்டதாம். மழை நின்ற மாதிரி, பால் திரிந்த மாதிரி, தானாகக் குறைந்துவிட்டது. ஊரிலிருந்து ஒரு மணி நேரம் கார் ஓட்டினாலும் இரு பக்கமும் கரும்புதான். அது அத்தனையும் இந்தப் பறவையின் காடு. வெட்டியவர் யார், அவர் முகம் எங்கே, அவர் வாய் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா, ஒரு படமும் இல்லை. எங்கள் மாவட்டத்துக்கு மட்டும் முகம் வேண்டும், அதுவும் என் அண்ணன் முகம்.

இதை வீட்டுக்காரரிடம் சத்தமாகவே சொன்னேன். அவர், "மெல்லப் பேசு. அந்தக் கரும்புலதான் நமக்குச் சம்பளம் வருது" என்றார். அவர் எப்போதும் இப்படித்தான், கொதிக்கிற பாலில் தண்ணீர் ஊற்றுகிறவர்.

5

கீர்த்தனா வழி முழுக்கக் காரில் அழுதுகொண்டு வந்தாள். மாமா என்று தெரியாது, தெரிந்திருந்தால் ஒட்டியிருக்கமாட்டேன் என்றாள். நான் விடவில்லை. மாமாவாக இல்லாவிட்டால் ஒட்டலாமா, வேறு யார் மாமாவாவது என்றால் பரவாயில்லையா என்று கேட்டேன். வீட்டுக்கு வந்து சோறு போட்டு உட்கார்ந்த பிறகு, அவள் தலையைத் தூக்கி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"கம்பியை யார் போட்டது அம்மா?"

"அடுத்த நிலத்துக்காரன். டவுன் ஆளு. பன்னி வராம இருக்கறதுக்குன்னு, கம்பத்துலேர்ந்து நேரா கொக்கி போட்டு இழுத்துட்டான். புடிச்சாங்க. ஜாமீன்ல வந்துட்டான்."

"கம்பி இருந்தது மாமாவுக்கு முன்னாலேயே தெரியுமா?"

"அவருக்கு எப்படித் தெரியும்? அடுத்தவன் நிலம்."

"பக்கத்து நிலம்தானே. மாமா தினமும் அங்கேதானே படுப்பார் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?"

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்ல. காலையிலிருந்து ஊர் உலகத்தோடு சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறேன், பெற்ற பெண் போலீஸ்காரன் மாதிரி கேட்கிறாள். இரு, உன் மாமனையே கேள் என்று அண்ணனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். தட்டி விஷயத்தைச் சொன்னேன். அவர், "அட, நானு சிரிக்கறனாமா?" என்று ஆச்சரியப்பட்டார், கோபப்படவில்லை. "ண்ணா, இவ என்னமோ கேக்கணுமாம். அந்தக் கம்பி இருக்கறது உனக்குத் தெரியாதுன்னு இவளுக்குச் சொல்லு" என்றேன்.

பின்னால் மாடு கத்துவது மட்டும் கேட்டது.

"தெரியும் பாப்பா" என்றார் அண்ணன்.

நான் போனை எடுக்கப் போனேன். கீர்த்தனா அதன் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"பொழுது சாஞ்சா கொக்கி மாட்டுவான், விடிஞ்சா எடுத்துடுவான். ஊருக்கே தெரியும். அந்தப் பக்கம் போறப்ப நாங்க மாட்டக்கூட இழுத்துப் புடிச்சிக்கினுதான் போவம்."

"ஏன் யாரிடமும் சொல்லவில்லை மாமா?"

"பன்னிக்குத்தான் போட்டிருக்கான்னு சொல்லிக்கினம் கண்ணு. அந்த வருசம் என் ராகிய ஒண்ணும் தொடல. அவன் நெலத்தத் தாண்டித்தான சாமி எங்கிட்ட வரணும், வரல. பரண் மேல நிம்மதியாத் தூங்கனன். அதான் நெசம்."

"ண்ணா, சின்னப் புள்ளகிட்ட என்ன பேசற!" என்று கத்தினேன்.

"கேக்குதே செல்வி. கேக்கறப்ப சொல்லாம?" என்றார்.

6

மறுநாள் கீர்த்தனா தட்டிக்குப் புதிதாக மூன்று வரி எழுதிக்கொண்டு வந்தாள். தமிழில் இப்படி வரும்: 'இவர் என் மாமா மாதேஷ். இறந்த யானைக்குக் கோடி போர்த்தி அழுகிறார். அந்த மின்கம்பி அங்கே இருந்தது அவருக்கும் ஊருக்கும் முன்பே தெரியும்.'

முதல் இரண்டு வரியைப் படித்ததும் அவளைக் கட்டிக்கொண்டேன். மூன்றாவதைப் படித்ததும் விட்டுவிட்டேன்.

"ரெண்டு வரி போதும்" என்றேன்.

"மூன்றாவதும் உண்மைதானே?"

"உண்மைதான்டி. இங்க இருக்கறவங்களுக்கு எதுக்கு அந்த உண்மை? அவங்க கரும்பு வெட்டின உண்மைய எந்தப் பலகைல எழுதி வச்சிருக்காங்க? குவாரிக்காரன் மலைய அறுத்தது, காட்டுக்குக் குறுக்க ரோடு போட்டது, நிலத்தை வளைச்சு பிளாட் போட்டு வித்தது, இதெல்லாம் எந்தத் தட்டியில இருக்கு? எல்லாத்தையும் விட்டுட்டு, ராகி வெதைச்சவன் தலையிலதான் வந்து விடியணுமா?"

"அதையும் எழுதுகிறேன், இடம் இருக்கிறது. ஆனால் மாமா வரியை எடுத்தால், முன்னால் இருந்தது போல இதுவும் பொய்தான் அம்மா."

வாதத்தில் அவளை ஜெயிக்க முடியாது என்று தெரிந்துபோயிற்று. மாமாவே வேண்டாம் என்று சொல்லட்டும் என்று மறுபடி போன் போட்டேன். கீர்த்தனா தன் செய்தி வாசிக்கிற தமிழில் மூன்று வரியையும் நிறுத்தி நிறுத்திப் படித்தாள். திரையில் வழக்கம்போல நெற்றியும் ஓடும்தான் தெரிந்தன.

"இருக்கட்டும்" என்றார் அண்ணன்.

"ண்ணா, நல்லா யோசிச்சு சொல்லு. உன் பேரு போட்டு எழுதறா."

"போடட்டும். அன்னிக்கு எத்தினி பேரு வந்தாங்க. போலீசு, டாக்டரு, பேப்பர்காரங்க. கொம்ப அளந்தாங்க, கம்பிய அளந்தாங்க, குழிய அளந்தாங்க. நீ ஏன்டா இப்பிடி அழுவறன்னு ஒருத்தரும் கேக்கல. கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பன். உங்க அண்ணிகூட, பாசத்துல அழுவறன்னு நெனச்சிக்கினா."

கீர்த்தனா மூக்கை உறிஞ்சினாள். நான் எழுந்து சமையலறைக்குப் போய், எதற்கென்றே தெரியாமல் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

அன்றே மூன்று வரியையும் முறையீட்டோடு சேர்த்து இணையத்தில் அனுப்பினோம். நேற்று மிருகக்காட்சி சாலையிலிருந்து பதில் வந்தது. எழுதியவர் ஷெல்லி. முறையீட்டுக்கு நன்றி, தவறுக்கு வருந்துகிறோம், முதல் இரண்டு வரிகளையும் குழு மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்கிறது, மிக அழகான பண்பாட்டுச் செய்தி என்று எழுதியிருந்தாள். மூன்றாவது வரி மட்டும் சின்னக் குழந்தைகளை வருத்தப்படுத்தக்கூடும், குடும்பங்கள் வந்து போகிற இடம், அதை நீக்கிவிட்டால் உடனே மாட்டிவிடலாமாம்.

வீட்டுக்காரர் எட்டிப் படித்துவிட்டு, "நீ கேட்டதுதானே, கிடைச்சுருச்சுல்ல" என்றார்.

ஆமாம், நான் கேட்டதுதான். ஒரு வாரம் முன்பு வந்திருந்தால் இனிப்பு வாங்கிக்கொண்டு போய் ஷெல்லிக்குக் கொடுத்திருப்பேன். இப்போது அந்தப் பதிலை முதலிலிருந்து மறுபடி படித்தேன். போன வாரம் வரை காட்டுமிராண்டியாகச் சுவரில் தொங்கியவரை, இந்த வாரம் யானையைக் கும்பிடுகிற அப்பாவியாக மாட்டிவைக்கப் பார்க்கிறார்கள். இரண்டுமே பார்க்கிறவர்களுக்கு வசதிதான். செய்யாமல் விட்டதை நினைத்து ஒரு மனிதன் வாய்விட்டு அழுவான் என்பதுதான் யாருக்கும் வேண்டாம்.

கீர்த்தனாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பதில் எழுதினேன். இந்த முறை ஆங்கிலம் எங்கும் ஓடவில்லை. வருத்தப்படுகிற குழந்தைகள் வருத்தப்படட்டும் என்று எழுதினேன். மூன்று வரியும் இருக்க வேண்டும், அல்லது என் அண்ணனைச் சுவரிலிருந்து இறக்கி என் கையில் கொடுத்துவிடுங்கள்.